லில்லி பூசிக்கொள்ளாத பவுடர்

1

நேற்று கடை திறந்ததும் ஒரு அம்மாள் வந்து, போன வாரம் நான் விற்ற முகப் பவுடர் டப்பாவை மேஜைமேல் டக்கென்று வைத்தாள். திறந்து பார்த்தேன். கால்வாசி தீர்ந்திருந்தது. என்ன குறை என்று கேட்டேன். ஒரு குறையும் இல்லையாம். வாசனை பிடித்ததாம். வியர்வையில் திட்டுத் திட்டாக நிற்கவில்லையாம். வீட்டுக்காரர்கூட நன்றாக இருக்கிறது என்றாராம்.

"அப்புறம் எதுக்கும்மா திருப்பிக் குடுக்கிறீங்க?" என்றேன்.

"எங்க நாத்தனாரும் இதையே வாங்கிட்டா. இனிமே நான் எப்படிப் பூசறது?"

வேறு டப்பா எடுத்துக் கொடுத்தேன். உள்ளே இருப்பது அதே கம்பெனியின் அதே பவுடர். மூடியில் ரோஜாவுக்குப் பதில் மயில் இருந்தது. முகமெல்லாம் சிரிப்பாக வாங்கிக்கொண்டு போனாள்.

நான் ரங்கூனுக்கு வந்து இந்த மாதத்தோடு பதினேழு வருஷம் ஆகிறது. பதினேழு வருஷமும் பவுடர், ஸ்நோ, வாசனைத் தைலம் விற்கும் ஒரே கடையில்தான் நிற்கிறேன். ஆம்பூர்க்காரன் தோல் வியாபாரம் செய்யாமல் பவுடர் விற்கிறானா என்று ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு பெண்பிள்ளை கடைக்குள் காலை வைக்கும்போதே அவள் எதை வாங்குவாள், எதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள் என்று நான் சொல்லிவிடுவேன். அம்மாவோடு வந்தால் ஒன்று பிடிக்கும், புருஷனோடு வந்தால் வேறு ஒன்று பிடிக்கும், சிநேகிதியோடு வந்தால் சிநேகிதிக்குப் பிடித்ததெல்லாம் பிடிக்காது. சிலர் புறங்கையில் தேய்த்துப் பார்ப்பார்கள். சிலர் முகர்ந்து பார்த்தே முடிவு செய்துவிடுவார்கள். பவுடரின் குணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எனக்கு இதெல்லாம் அத்துபடி என்று முதலாளியே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்ட என்னால் என் சொந்த மகளுக்கு ஒரு டப்பா பவுடரைப் பிடிக்கவைக்க முடியவில்லை. அந்த வயிற்றெரிச்சலைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதலில் ஆம்பூர்க் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தெரிந்தாலும் சிலருக்கு அப்படித்தான் தெரிகிறது. என் மனைவி மரியம்மா அவர்களில் ஒருத்தி.

கப்பல் ஏறுவதற்கு முன்பு நான் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் நிறம் பிரிக்கும் வேலையில் இருந்தேன். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமாகி, எண்ணெய் போட்டுக் காய்ந்த தோல்களை நிறத்துக்கு ஒன்றாக அடுக்க வேண்டும். வெளியாட்களுக்கு எல்லாம் ஒரே பழுப்பாகத்தான் தெரியும். எங்களுக்குப் பத்துப் பதினைந்து பழுப்புகள் உண்டு. வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரித்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஓரத்தில் ஒரு தேய்ப்புத் தேய்ப்போம். ஈரம் பட்ட இடம் எவ்வளவு கறுக்கிறது, காய்ந்தால் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்துவிட்டு அந்தந்த அடுக்கில் போடுவோம். நான் பிரித்த அடுக்கை மேஸ்திரி மறுபடி பிரித்ததே இல்லை.

எனக்கு மூத்தவள் ரோசம்மாள் அக்கா. எங்கள் ஊர் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். மாப்பிள்ளை ராணிப்பேட்டை. கல்யாணத்துக்கு முதல் நாள் மிஷன் துரைசாணி அம்மாள் அவளுக்கு ஒரு பவுடர் டப்பா பரிசாகக் கொடுத்தாள். சீமைப் பவுடர், பால் வெள்ளை. எங்கள் தெருவில் அதற்கு முன்னால் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தோழிப் பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்துகொண்டு அக்காவின் முகத்தில் அதை அப்பினார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் நல்ல கறுப்பு. அக்கா என்னைவிட ஒரு மாற்று ஜாஸ்தி கறுப்பு. கோயிலில் பாதிரியார் முன்னால் அவள் வந்து நின்றபோது முகம் மட்டும் தனியாக வெள்ளையாக இருந்தது. கழுத்திலிருந்து கீழே வேறு ஆள்.

கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவன், அவனும் ராணிப்பேட்டையில் தோல் வேலை செய்கிறவன்தான், இலையிலிருந்து தலையைத் தூக்கிச் சத்தமாகக் கேட்டான்.

"இன்னாப்பா, பொண்ண சுண்ணாம்புக் குழிலேந்து எடுத்தாந்தீங்களா?"

பந்தி முழுக்கச் சிரித்தது. மயிர் உதிர்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு வைப்பார்கள். வெளியே எடுக்கும்போது அது உப்பி, வெளுத்துப்போய் இருக்கும். அதைத் தினமும் பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பரிமாறிக்கொண்டிருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டு அவன் சட்டையைப் பிடித்தேன். பிறகு நடந்ததை எழுதி என்ன ஆகப் போகிறது? விலக்கிவிட நாலு பேர் வேண்டியிருந்தது.

அன்றைக்கே எனக்குள் ஒன்று முடிவாகிவிட்டது. கறுத்த முகத்தில் வெள்ளைப் பவுடர் என்பது நம்மவர்களைக் கேலிக்கு ஆளாக்குவதற்கென்றே சீமையில் செய்து அனுப்புகிற சாமான். விதியைப் பாருங்கள், பிழைக்க வந்த இடத்தில் எனக்கு அதையே விற்கும் உத்தியோகம் கிடைத்தது. ஜெர்மன் சண்டை முடிந்து தோலைக் கேட்க ஆளில்லாமல் ஷாப்பு மூடியபோது, கிடைத்த வேலையைப் பார்க்காமல் என்ன செய்வது?

3

லில்லி இங்கே பிறந்தவள். வயது பதினைந்து. பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் பர்மியம், வீட்டில் அவள் அம்மாவோடு மட்டும் தமிழ். என்னோடு பேசுவது என்ன பாஷை என்று எனக்கே தெரியவில்லை. பாதி நாள் பேச்சே கிடையாது. அத்தைக்கு நாலு வரி கடிதம் எழுது என்றால், "அத்தைய நான் பாத்ததே இல்லயே, இன்னா எழுதறது?" என்கிறாள். அதுவும் நியாயம்தான்.

ஆனால் பாடுவாள். எனக்குத் தெரிந்து எங்கள் குடும்பத்தில் யாருக்கும் குரல் கிடையாது. இவளுக்கு எங்கிருந்து வந்ததோ! வீட்டில் பாடமாட்டாள். குளிக்கும்போது கொஞ்சம் கேட்கும், நான் இருமினால் நின்றுவிடும். போன வருஷம் கிறிஸ்துமஸ் கச்சேரியில் பள்ளிக்கூடத்தார் அவளைத் தனியாக ஒரு பாட்டுப் பாட வைப்பதாக இருந்தார்கள். முதலில் எல்லாரும் சேர்ந்து இரண்டு பாட்டு, மூன்றாவது அவளுடையது. நான் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கோட்டுப் போட்டுக்கொண்டு முன் வரிசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

திரை விலகியது. இருபது பெண்கள் நின்றார்கள். பர்மியப் பெண்கள், சீனப் பெண்கள், ஆங்கிலோ இந்தியப் பெண்கள், நடுவில் என் மகள். டீச்சர் ஒரே டப்பாவை வைத்துக்கொண்டு எல்லா முகத்திலும் ஒன்றுபோல அடித்துவிட்டிருந்தாள். மற்றவர்களுக்குத் தெரியவில்லை. லில்லியின் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அது என்ன பவுடர் என்று எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. எங்கள் கடை அலமாரியில் மேல்தட்டில் இருப்பது. எனக்குப் பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

இரண்டாவது பாட்டு முடிந்து திரை விழுந்ததும் நான் எழுந்துபோய் மேடையின் பக்கத்துப் படியில் ஏறினேன். லில்லியைக் கையைப் பிடித்து இழுத்து, கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, அவள் முகத்தை அழுந்தத் துடைத்தேன். சுற்றிலும் அந்தப் பெண்கள் நின்றார்கள். டீச்சர் என்னவோ சொன்னாள். நான், "திஸ் பவுடர் நோ குட், ஐ ஆம் செல்லிங், ஐ நோ" என்றேன். அதற்குமேல் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை.

துடைத்து முடித்ததும், "இப்ப போய்ப் பாடும்மா, இப்ப நல்லா கீது" என்றேன். அவள் பாடவில்லை. வேறு பெண் போய்ப் பாடினாள்.

இந்த வருஷமும் தனிப் பாட்டை லில்லிக்கே கொடுத்தார்கள். அந்தச் செய்தி எனக்கு நேராக வரவில்லை, மரியம்மா மூலமாக வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது.

"நீங்க வந்தா அவ பாட மாட்டாளாம். நான் மட்டும் வரணுமாம். இத நான் சொன்னேன்னு அவகிட்ட போய்க் கேட்டுக்கினு நிக்காதீங்க."

பெற்ற மகள் ஊரார் முன்னால் பாடப் போகிறாள். அதைக் கேட்க அவள் அப்பனுக்கு அனுமதி இல்லை. இப்படி ஒரு நியாயம் எந்த ஊரிலாவது உண்டா?

4

ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. இவளுடைய நிறத்துக்கே ஒரு பவுடர் செய்துவிட்டால்? சாம்பல் பூக்காது, யாரும் சிரிக்கமாட்டார்கள், நானும் சபையில் உட்காரலாம். கடை அலமாரியில் இருப்பதெல்லாம் வெள்ளை, ரோஜா, கிரீம் என்று மூன்றே நிறம். பத்துப் பதினைந்து பழுப்பைக் கண்ணாலேயே பிரித்தவனுக்கு ஒரு முகத்தின் நிறத்தைக் கூட்டிச் சேர்க்கத் தெரியாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "லில்லி, இங்க வா" என்று வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் நிற்க வைத்தேன். என்னவோ என்று வந்து நின்றாள். தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். நெற்றி ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம், மூக்கின் ஓரம் வேறு. உள்ளே கொஞ்சம் சிவப்பு ஓடுகிறது, அதற்குக் காவி வேண்டும். மேலே மஞ்சள் சாயல் இருக்கிறது, அதற்கு ஆவாரம்பூ. வியர்த்தால் எவ்வளவு கறுக்கும்? கை தானாகப் போய்விட்டது. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அவள் கன்னத்தில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டேன்.

"இன்னாப்பா பண்றீங்க!" என்று என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஈர நெறம் பாக்கறேம்மா. ஒரு நிமிஷம் காயட்டும், தொடைக்காத."

அவள் கன்னத்தைப் பாவாடையால் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். சமையல் கட்டிலிருந்து மரியம்மா எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "புள்ள மூஞ்சிய ஷாப்புல விரிச்சி வெச்ச தோலுன்னு நெனச்சிக்கினியா?" என்றாள். கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை கம்மியாகிவிடும். நானும் பதிலுக்கு ஏதோ சொன்னேன்.

நிறம் மனதில் பதிந்துவிட்டது. அதை விடக்கூடாது என்று அன்றைக்கே ரோசம்மாள் அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். அக்கா, புருஷன் தவறியபிறகு ஆம்பூருக்கே திரும்பிவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரையில் ஆவாரஞ்செடி காடாகக் கிடக்கும். பூவை நிழலில் உலர்த்தி நைஸாக இடித்து அனுப்பு, நல்ல காவியும் கொஞ்சம் அனுப்பு, லில்லிக்குப் பவுடர் செய்யப் போகிறேன், உன் கல்யாணத்தில் உனக்கு நேர்ந்தது என் மகளுக்கு நேரக்கூடாது என்று விளக்கமாகவே எழுதினேன்.

பார்சல் வந்து சேர்ந்தது. ஆனால் கைக்கு வரவில்லை. பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் ஊரிலிருந்து வரும் மூட்டை முடிச்சையெல்லாம் அவிழ்த்துப் பார்த்து, படிவம் எழுதச் சொல்கிறார்கள். சுங்க ஆபீஸில் குமாஸ்தா பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தான். மஞ்சள் தூள் ஒரு பக்கம், சிவப்புத் தூள் ஒரு பக்கம். இது என்ன என்று கேட்டான். முகத்தில் பூசுவது என்றேன். அவன் தூளைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான்.

"முகத்திலா? இந்த நிறத்திலா?" என்று பர்மியத்தில் கேட்டுவிட்டு, பக்கத்து மேஜைக்காரனையும் கூப்பிட்டுக் காட்டினான்.

படிவத்தில் முகப்பூச்சு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் போடமாட்டேன் என்கிறான். பவுடர் என்றால் வெள்ளையாக இருக்க வேண்டுமாம், இது சாயமாம். சாயம் என்றால் எந்தத் தொழிலுக்கு என்று முதலாளி கடிதம் வேண்டுமாம். மருந்து என்றேன், டாக்டர் சீட்டு கேட்டான். இரண்டாம் தடவை போனபோது அவன் லீவு. மூன்றாம் தடவை அவனே மனம் இரங்கி, "உங்கள் ஜனங்கள் சாமிக்குப் பூசுவார்களே, அப்படி எழுதிவிடேன்" என்று வழி சொன்னான். கிறிஸ்தவ வேதக்காரனான நான் காவியையும் ஆவாரம்பூவையும் பூஜைச் சாமான் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த ஞாயிறு கோயிலில் ஆண்டவர் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருந்தது.

5

பொட்டலத்துக்குள் அக்காவின் கடிதம் இருந்தது. அவள் பேசுகிறபடியே எழுதுவாள். அப்படியே தருகிறேன்.

"தம்பிக்கு, நீ கேட்டத அனுப்பிகிறேன். இத கொழந்த மூஞ்சில பூசப் போறேன்னு எழுதிகிற. புத்தி கெட்டுப் போச்சா? ஆவாரம் வாசன ஷாப்பு வாசன. எனுக்கே ஆவாது. அந்தச் சின்னப் பொண்ணுக்கு எதுக்கு?

என் கல்யாணத்துல நடந்தத எழுதிகிற. அந்த வெள்ள பவுடரு எனுக்கு ரொம்ப புடிச்சிது தம்பி. மூணு வருசம் வெச்சிருந்து ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போறப்ப மட்டும் போட்டுக்கினேன். தீந்தப்புறம் டப்பாவத் துணிப் பொட்டில வெச்சேன். நம்ம ஊட்டுல ஷாப்பு நாத்தம் அடிக்காத சாமான் அது ஒண்ணுதான். நீ எம் மூஞ்சிய பாத்த. நான் அத மோந்து பாத்தேன்.

அந்த ஆளு சிரிச்சான். நானுங்கூடச் சிரிச்சிட்டுப் போயிருப்பேன். நீ போய் அவன் சட்டையப் புடிச்ச. பந்தில பாதிப் பேரு எழுந்து போய்ட்டாங்க. ராணிப்பேட்டைல இருந்த வரைக்கும் அதத்தான் சொல்லிக் காட்டினாங்க. பவுடர ஒருத்தரும் சொன்னதில்ல."

படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் நான் இவளுக்காகப் பொருமிக்கொண்டிருக்கிறேன். இவள் என்னடா என்றால் டப்பாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவைத்திருக்கிறாள்! ஒரு வார்த்தை அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

மரியம்மா கடிதத்தைப் படிக்கச் சொன்னாள். அவளுக்கு எழுத்து தெரியாது. "நீ கேட்டத அனுப்பிகிறேன்" என்பதுவரை படித்துவிட்டு, "சௌக்கியமாம், எல்லாரையும் விசாரிச்சாங்க" என்று மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

6

மூன்று நாள் வேலை. சீமை டால்க், துளி அரிசி மாவு, ஆவாரம்பூ, காவி. மல்லிகைத் தைலம் நாலு சொட்டு விட்டு அக்கா சொன்ன வாசனையை அடக்கினேன். நிறத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக, ஒவ்வொரு காலையும் அதே ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அப்படி ஒரு பவுடர் இந்த ரங்கூனில் எந்தக் கடையிலும் கிடையாது. கடையிலிருந்து ஒரு காலி டப்பா கொண்டுவந்து அதில் போட்டு, புதுப் பஞ்சு வைத்து, லில்லியின் கையில் கொடுத்தேன்.

வாங்கி மூடியைத் திறந்தாள். முகர்ந்து பார்த்தாள். கண்ணாடி முன்னால் போய்க் கன்னத்தில் பஞ்சால் ஒற்றினாள். நான் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். எங்கே கன்னம், எங்கே பவுடர் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

"ஒண்ணும் தெரியலயேப்பா" என்றாள்.

"அதாம்மா வேணும்! தெரியலன்னா சரியா கீதுன்னு அர்த்தம்."

"தெரியாததுக்கு எதுக்குப்பா பூசணும்?"

பதினேழு வருஷத்தில் ஒரு வாடிக்கைக்காரியும் என்னை இப்படிக் கேட்டதில்லை.

"எங்க கிளாஸ்ல மா டின் இருக்கா இல்ல, தனாக்கா அரைச்சிப் பூசிகினு வர்றா" என்றாள் லில்லி. தனாக்கா என்பது இங்கே ஒரு மரத்தின் பட்டை. கல்லில் அரைத்துப் பர்மியப் பெண்கள் கன்னத்தில் மஞ்சளாகத் தடவிக்கொள்வார்கள். "கன்னத்துல வட்டமா பட்டையா தெரியுது. அவ மூஞ்சியே அந்தக் கலரா? இல்லயே. பூசிகினு இருக்கான்னு எல்லாருக்கும் தெரியுது. அவளுக்கு அதான் வேணும். கச்சேரி அன்னிக்கு என் மூஞ்சிலயும் பவுடர் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியணும்."

"சாம்பல் பூத்த மாதிரி தெரிஞ்சாக்கூடவா? சிரிச்சாங்களே!"

"யார் சிரிச்சாங்க? எனக்குத் தெரியாது. ஸ்டேஜ்லேந்து பாத்தா எல்லாம் இருட்டுப்பா. உங்க மூஞ்சி மட்டும்தான் தெரிஞ்சிது. உங்கள பாத்துதான் ஏதோ தப்புன்னு நெனச்சேன்."

நான் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "ரெண்டு நாளு போட்டுப் பாரும்மா, அப்புறம் புடிக்கும்" என்றேன். கடையில் தினமும் சொல்கிற வாக்கியம். அவள் டப்பாவை மூடி, என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து அவள் மேஜையில் ஒரு புது டப்பா இருந்தது. பால் வெள்ளை. எங்கள் கடைச் சரக்கு அல்ல, எதிர்க்கடை முத்திரை ஒட்டியிருந்தது. நான் நிற்கும் கடையைத் தாண்டிப் போய் எதிர்க்கடையில் வாங்கியிருக்கிறாள்! இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன அவமானம் வேண்டும்? மரியம்மாவிடம் கேட்டேன்.

"உங்க கடைல வாங்கினா நீங்க அத பத்திப் பேசுவீங்களாம். அந்தக் கடைக்காரன் ஒண்ணும் பேசாம எடுத்துக் குடுத்தானாம்."

7

கச்சேரி போன சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. மூன்று மணிக்கே இருவரும் கிளம்பினார்கள். லில்லி பவுடரைக் கையோடு எடுத்துப் போனாள், பள்ளியில் போய்ப் பூசிக்கொள்வாளாம். வாசல்வரை போய் நின்றேன். "போய்ட்டு வர்றேம்பா" என்றாள். வா என்று சொல்வாளோ என்று ஒரு நப்பாசை இருந்தது. சொல்லவில்லை.

நான் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அக்காவின் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அதில் எழுதியிருப்பது சரிதான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு முழுதாக ஒரு மணி நேரம் ஆனது. கல்யாணத்தைக் கெடுத்தவன் அந்த ராணிப்பேட்டைக்காரன் இல்லை. மேடையில் என் மகளின் பாட்டைப் பறித்தது பின்னால் சிரித்த இரண்டு பேரும் இல்லை. இரண்டு இடத்திலும் எழுந்தவன் நான் ஒருவன்தான். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, மறைப்பானேன்?

அவர்கள் வரட்டும், இனிமேல் பவுடரைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். என்ன கேட்பது என்றுகூட யோசித்து வைத்துக்கொண்டேன். "பாட்டு எப்படிம்மா இருந்திச்சி? எல்லாரும் கேட்டாங்களா?" என்று கேட்க வேண்டும். நாலைந்து தடவை மெதுவாகச் சொல்லியும் பார்த்தேன்.

ஆறரை மணிக்கு ரிக்‌ஷா வந்து நின்றது. கதவைத் திறந்தேன். லில்லி முன்னால் வந்தாள். நன்றாக வியர்த்திருந்தாள். நெற்றியிலிருந்து இரண்டு கோடாகப் பவுடர் கரைந்து இறங்கி, தாடையில் வெள்ளையாகத் திட்டுக்கட்டி நின்றது. கண் இரண்டும் பளபளவென்று இருந்தன. அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததே இல்லை.

"பவுடர் நிக்கலயா?" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் கேட்கவில்லை, என் வாய் கேட்டது. லில்லி கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்து, "சொன்னேன் இல்லம்மா?" என்றாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முகம் கழுவ உள்ளே போனாள்.

"இன்னா சொன்னா?" என்று மரியம்மாவைக் கேட்டேன்.

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"ரொம்ப நல்லா பாடினா உங்க பொண்ணு. பள்ளிக்கூடத்து துரைசாணியே எழுந்து நின்னு கை தட்டினாங்க. வழியெல்லாம் ரிக்‌ஷால ஒரே பேச்சு. நான் சொன்னேன், உங்கப்பா மொதல்ல பாட்டப் பத்தித்தான் கேப்பாருன்னு. அதுக்கு அவ, இல்லம்மா, பவுடரத்தான் கேப்பாருன்னா. அப்பிடி பாட்டப் பத்திக் கேட்டாருன்னா, அவர நாற்காலில ஒக்கார வெச்சி, இங்கயே மொத்தமும் பாடிக் காட்றேன்னு சொல்லிகினு வந்தா."